குயிலியின் காலால் அளந்த அறை

திருப்பூரில், ஊத்துக்காட்டு நகர் மூன்றாம் வீதியில், நிட்டிங் மிஷின்களின் இரைச்சல் ராத்திரி பகல் ஓயாத இடத்தில், குயிலி என்று ஒரு நான்கு வயதுப் பெண் இருந்தாள். அவள் தன்னைவிட உயரமான எவரோடும் பேசமாட்டாள். தன் உயரம், அல்லது அதற்கும் குறைவு என்றால் பேசுவாள், அதுவும் கேட்கிறவர் காது புளித்துப்போகும் அளவுக்குப் பேசுவாள். தண்ணீர்க் குழாயோடு பேசுவாள், அடுத்த வீட்டு வெள்ளாட்டோடு பேசுவாள், கேஸ் சிலிண்டரோடு சண்டை போட்டு அதை மூலையில் நிற்கவைப்பாள். ஆனால் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் வந்து நின்றால் கடைவீதியில் ஷட்டர் இறங்குவதுபோல் அந்த வாய் மூடிக்கொள்ளும். வீதிக்கே இது தெரியும். தெரிந்து என்ன செய்ய, அவளுக்காக யாரும் குள்ளமாகப் பிறந்திருக்க முடியாது.

எப்போதிருந்து இப்படி என்றால், மூன்று வயதில் ஒரு ப்ளே ஸ்கூலுக்குப் போய்க் கொஞ்ச நாளில் திரும்பி வந்ததிலிருந்து. அங்கே அதட்டினார்களா, அடித்தார்களா, இல்லை யாராவது மேலேயிருந்து குனிந்து ரொம்ப நேரம் சும்மா பார்த்தார்களா, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் சொல்ல வேண்டியவளே வாயைத் திறக்கவில்லை. டாக்டர் நாக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அம்மா சங்கவி குத்தவைத்துப் பேசிப் பார்த்தாள், மண்டியிட்டுப் பேசிப் பார்த்தாள், தரையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்தும் பேசிப் பார்த்தாள். படுத்தவர்கள் எழுந்துகொள்வார்கள் என்பது ஆட்டுக்குட்டிக்கே தெரியும், குயிலிக்குத் தெரியாதா? தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம்கூடக் கொடுப்பாள், வார்த்தை மட்டும் வராது. அவள் ‘அம்மா’ என்று கூப்பிட்டு வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது, அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் சங்கவிக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கவி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். கப்பலேறப் போகிற குழந்தைச் சட்டைகளை இஞ்ச் டேப் வைத்து அளப்பதுதான் வேலை. மார்பு இவ்வளவு, கை இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் நாள் முழுக்க அளவு பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சொந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். ஒருநாள் டேப்பைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டாள். வீட்டிலேயே குயிலிக்கு ஒரு விளையாட்டு அறை அமைத்து, அதிலேயே பாட்டு, படம், எழுத்து, எண்ணிக்கை எல்லாம் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்தாள்.

அவள் புருஷன் லோகு கம்பெனி ஒன்றில் டிஸ்பாட்ச் பார்க்கிறவன். ஆறடிக்கும் மேலே வளர்ந்தவன், நிலைவாசல் எதைக் கண்டாலும் குனிந்துவிடுகிற பழக்கக்காரன். அவனுக்கு இது பிடிக்கவில்லை.

“பெரிய ஸ்கூல்ல சேத்தி உட்டா நாலு புள்ளைகளோட பழகித் தானாப் பேசுவா. நீ வீட்லயே வெச்சுப் பொத்திப் பொத்தி வளத்துனா ஊமையாத்தாம் போவா, பாத்துக்க.”

“அங்க இருக்கறவங்க எல்லாரும் அவளைவிட ஒசரமுங்க மாமா. பெஞ்சே அவளைவிட ஒசரம்.”

லோகு தாடையைச் சொறிந்தான். “சரி, விஜயதசமிக்கு அட்மிசன் போடுவாங்க. அதுக்குள்ளாற நின்னுட்டிருக்கற மனுசங்கிட்ட ஒரு வார்த்த பேசட்டும். பேசலீனா நாம்பாட்டுக்குக் கூட்டீட்டுப் போயிச் சேத்தீருவேன், அப்பறம் நீ அழுகக் கூடாது.” சங்கவி சரி என்றாள். விஜயதசமி அப்போது எங்கேயோ இருந்தது, இது சித்திரை வெயில்.

வீட்டின் முன்பக்கத்தில் தாழ்வான ஒரு தகர ஷெட் இருந்தது. முன்பு யாரோ ஜாப் ஒர்க்குக்குத் தையல் மிஷின் போட்டிருந்த இடம்; மூலையெல்லாம் பஞ்சுத் தூசி. சங்கவி அதைக் கூட்டிப் பெருக்கி, சுவரில் குயிலியின் கை எட்டும் வரைக்கும் கரும்பலகைப் பெயிண்ட் அடித்தாள். பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்களை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினாள். துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டைப் பொதிந்து மெத்தைகள் தைத்தாள், நிட்டிங் மில்லில் சொல்லிவைத்து நூல் தீர்ந்த அட்டைக் கோன்களைச் சாக்குச் சாக்காக வாங்கிக் கோபுரம் கட்ட அடுக்கி வைத்தாள், விரலால் எழுதிப் பழகத் தாம்பாளத்தில் ராகியைப் பரப்பினாள், உத்தரத்தில் ஊஞ்சல் மாட்டினாள், கண்ணாடியைத் தன் முழங்கால் உயரத்தில் ஆணியடித்து வைத்தாள். அப்புறம் காலை எழுந்ததிலிருந்து மதியம் தூங்கும் வரைக்கும் எதற்குப் பின் எது என்று கலர் கலராக ஒரு டைம்டேபிள் எழுதி ஒட்டினாள். குயிலி அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஒரு கோனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷெட்டையும் வண்டி நிறுத்துகிற இடத்தையும் பிரிக்க ஒரு சுவர் வைக்க வேண்டியிருந்தது. அதற்கு வந்தவர் கொத்தனார் அர்த்தநாரி. மனையடி சாஸ்திரமும் தெரிந்தவர், சுவர் எங்கே நிற்க வேண்டுமென்று டேப்பைக் கேட்காமல் சாஸ்திரத்தைக் கேட்கிறவர்.

“ஏம்மிணி, இந்த ரூமுக்கு எசமான் ஆரு?” என்றார்.

“ஏனுங்ணா?”

“எசமான் காலை வெச்சுத்தான அடி அளக்கோணும். டேப்புல இருக்கறது கடைக்காரன் அடி. மனைக்கு எசமானோட பாதந்தான் அடி. லோகு தம்பியக் கூப்புடுங்.”

சங்கவி திரும்பி, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றிருந்த லோகுவைப் பார்த்தாள். “இந்த ரூமுக்கு இவரு எப்படீங்ணா எசமான் ஆவாரு? இவரு உள்ள நிமுந்து நிக்கவே முடியாது. குயிலிதானுங்க எசமான்.”

அர்த்தநாரி வாயிலிருந்த வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி யோசித்தார். ஊரில் எத்தனையோ வீட்டுக்கு அளந்திருக்கிறார், நான்கு வயதுப் பிள்ளையை எசமான் என்று யாரும் கைகாட்டியதில்லை. கைகாட்டக் கூடாது என்று சாஸ்திரத்தில் எழுதியிருப்பதாகவும் நினைவில்லை. ஆகட்டும் என்றார். குயிலி சுவரோரமாகக் குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்ட வைத்து ஒட்ட வைத்து நடந்தாள், வாய்க்குள் சிரித்துக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் சாக்பீஸால் கோடு போட அர்த்தநாரி குனிந்தபோது, அளவெடுக்கிற வேலையை அடுத்தவர் கையில் விட்டுப் பழக்கமில்லாத சங்கவி சாக்பீஸை வாங்கித் தானே கோடு போட்டுக்கொண்டு போனாள். சாஸ்திரத்துக்கு நல்ல அடி எண்ணிக்கையில் அளவு முடிந்தது. சுவரும் எழும்பியது, பூச்சும் காய்ந்தது, பால் காய்ச்ச நல்ல நாளும் பார்த்தாயிற்று.

முதலில் சுமங்கலி ஒருத்தர் பால் சொம்போடு உள்ளே போக வேண்டும் என்று, அடுத்த வீட்டுப் பாவாயி அக்காவை அழைத்தார்கள். வெள்ளாடு வளர்க்கிறவர், மாவு அரைத்து விற்கிறவர், வீதியில் நடக்கிற எதற்கும் முதல் ஆளாக நிற்கிறவர். அவர் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார், வைத்ததும் குயிலி உயரத்துக்கு வந்துவிட்டார். சேலை, கொண்டை, கொண்டையிலிருந்த மல்லிகை, கையிலிருந்த சொம்பு எல்லாம் அதே கணக்கில் சுருங்கின. பால் மட்டும் சுருங்காததால் சொம்பு கொள்ளாமல் நாலாபுறமும் பொங்கி வழிந்தது, ஆகா, பொங்கிவிட்டது, நல்ல சகுனம் என்று வாசலில் நின்றவர்கள் குலவையிட்டார்கள்.

அப்புறம்தான் பாவாயி அக்காவைப் பார்த்தார்கள். பார்த்து, வேறு ஊராக இருந்தால் அலறியிருப்பார்கள். இது திருப்பூர், ராத்திரி தொட்டியில் போட்ட துணி விடிந்தால் என்ன அளவில் வெளியே வருமோ என்ற கவலையிலேயே தலை நரைத்தவர்களின் ஊர்.

“காட்டன்னா சுருங்கத்தான் செய்யும்,” என்றார் துணி சுருங்காமல் அழுத்திக் கொடுக்கிற காம்பேக்டிங் வேலை பார்க்கும் ஒருவர்.

“அதில்லீங்க, மொதல்லயே ஒரு வாஷ் குடுத்து எடுத்திருக்கோணும்,” என்றார் சாயப்பட்டறை வைத்திருக்கும் டையிங்காரர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது, எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள்.

உள்ளே குயிலி பாவாயி அக்காவை முன்னும் பின்னும் சுற்றி வந்து பார்த்தாள். தோளோடு தோளை ஒட்டிவைத்து உயரம் பார்த்தாள். பிறகு தெளிவாக, திக்காமல் திணறாமல், “உன்ற மூக்குத்தி கிட்டக்க பாத்தா மினுமினுன்னு இருக்குது. எனக்குத் தருவியா?” என்றாள்.

பாவாயி அக்கா வெளியே ஓடிவந்தார். வாசலைத் தாண்டியதும் பழைய ஆகிருதி பழையபடி வந்துவிட, அந்த வேகத்தில் இரண்டு பேரைத் தள்ளிவிட்டார். “அடி சங்கவி, உம்புள்ள பேசறா! எம்மூக்குத்தியக் கேக்கறா!”

சங்கவி கையிலிருந்த கரண்டியைப் போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பாய்ந்தவள் தலை ஊஞ்சல் மாட்டிய உத்தரத்தில் போய் ணங்கென்று இடித்தது. அவள் ஒரு விரற்கடைகூடச் சுருங்கவில்லை. குயிலி நிமிர்ந்து பார்த்தாள், தலையை ஆட்டினாள், வாய் ஷட்டர் இறங்கிவிட்டது.

அடுத்து லோகு போனான், சுருங்கினான். அர்த்தநாரி போனார், சுருங்கினார். கேஸ் போட வந்தவர் போனார், தோளில் சிலிண்டரோடு சேர்ந்து சுருங்கினார். சங்கவி மறுபடி போனாள், மறுபடி உத்தரத்தில் இடித்துக்கொண்டாள். ஏன் அவள் மட்டும் என்று வீதியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். “கோடு போட்டவங்களுக்குக் கோடு கட்டுப்படுமே தவுர, கோட்டுக்கு அவங்க கட்டுப்பட மாட்டாங்க. நாம் போட்டிருக்கோணும், நீங்க பொடுக்குனு வாங்கீட்டீங்க,” என்றார் அர்த்தநாரி. அவர் சொன்னதுதான் நியாயமாக இருந்தது, ஆனால் நியாயத்தை வைத்து என்ன செய்வது?

சங்கவி பின்பக்கமாக நடந்து உள்ளே போய்ப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பார்த்தாள், செவ்வாய்க்கிழமை விரதமிருந்து எலுமிச்சம்பழத்தோடு போய்ப் பார்த்தாள், நன்றாகச் சுருங்குகிற பாவாயி அக்காவின் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டும் போய்ப் பார்த்தாள். கடைசியில் பவானி ஜமுக்காளத்தில் படுத்துக்கொண்டு லோகுவை உள்ளே இழுக்கச் சொன்னாள். இழுத்தவன் சுருங்கினான், ஜமுக்காளம் சுருங்கிக் கைக்குட்டையானது, சங்கவி முழு நீளத்துக்குச் சிமெண்டுத் தரையில் கிடந்தாள். குயிலி வந்து அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள், ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் வீதி அந்த அறையைத் தன் வழக்கத்துக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டது. காலையில் வீதிப் பிள்ளைகள் நாலைந்து பேர் குயிலியோடு விளையாட வருவார்கள். அவர்களைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் பெரியவர்கள் பத்துப் பேர் வருவார்கள். உள்ளே போனால் மூட்டுவலி இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார், அன்றிலிருந்து மூட்டுவலிக்காரர்களுக்கு முதல் வரிசை. ஒரு பொதுச்சுவருக்காக வருஷக்கணக்கில் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இரண்டு பேரைச் சொந்தக்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒரே மெத்தையில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள், வெளியே வந்ததும் சுவரைப் பற்றி மறுபடி சண்டை போட்டார்கள், ஆனால் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டார்கள். கவுன்சிலர் பொங்கியண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் ஆய்வுக்கு வந்தார். ஊஞ்சல் உறுதியாக இருக்கிறதா என்று ஆடிப் பார்த்தார், அதில் திருப்தி வராமல் தினமும் வந்து ஆய்வு செய்தார். வாசலில் மலைபோல் செருப்புக் குவிந்தது, பாவாயி அக்கா அங்கேயே ஒரு சுண்டல் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரோடும் குயிலி பேசினாள். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இங்கே சங்கவியின் காது சுவரிலேயே இருந்தது. ஆனால் மிஷின் இரைச்சலில் கலகலவென்ற சத்தம்தான் கேட்கும், சொல் பிடிபடாது. அதனால் உள்ளேயிருந்து வருகிற ஒவ்வொருவரையும் வாசலிலேயே மறித்து, “என்னுங்க சொன்னா? எம்புள்ள என்ன சொன்னா?” என்று கேட்டாள். அவர்களும் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவருகிற பயபக்தியோடு ஆளுக்கொரு வாக்கியம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“தலை சீவறப்ப வலிக்குதாமா. உங்ககிட்டச் சொல்லச் சொன்னா,” என்றார் கேஸ்காரர். சங்கவி அன்றிலிருந்து சிக்கை விரலால் எடுத்தாள்.

“ரசம் நல்லாருக்காமா, அந்தப் பாவக்கா மட்டும் வேண்டாமாமா,” என்றார் கவுன்சிலர், அரசாங்க அறிவிப்புச் சொல்கிற குரலில். பாகற்காய் நின்றது.

“இருட்டுல ஃபேன் சுத்துறது பயமா இருக்குன்னு சொல்லுச்சுங்க,” என்றார் முன்பின் தெரியாத கொரியர்காரர்.

சங்கவிக்குப் பொறாமை வந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை. பெற்றவள் நான், அறையைக் கூட்டிப் பெருக்கியவள் நான், கொரியர்காரருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லையே என்று அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினாள். அர்த்தநாரி ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார்: சுவரை இடித்துவிட்டு மறுபடி அளக்கலாம், இந்தத் தடவை கோட்டை லோகு போடட்டும். ஆனால் மறு அளவில் அதே பலன் நிற்குமென்று தன்னால் உத்தரவாதம் தர முடியாது, எல்லாருக்கும் சேர்த்துப் போனாலும் போய்விடும் என்றார். வீதியே திரண்டு வந்து வேண்டாம் என்றது. அவர்கள் வராவிட்டாலும் சங்கவி ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். என்னிடம் பேசாவிட்டால் போகிறது, யாரிடமாவது பேசுகிறாளே, அதை நான் எப்படி இடிப்பேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள்.

லோகுவிடம் குயிலி உள்ளே வைத்துச் சொன்ன முதல் வாக்கியம், “நீ ஏம்ப்பா இத்தன நாளா அங்க மேலயே இருந்த?” என்பது. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் சொன்ன சொல்லில் அவன் மாறவில்லை.

“ரூமுக்குள்ள பேசறா, வாசலைத் தாண்டுனாப் பழைய குருடி கதவத் தெறடிதான். ஊரையே சுருக்கிச் சுருக்கி அவ முன்னால கொண்டாந்து நிறுத்த முடியுமா சங்கவி? நாளைக்கு பஸ்ஸுல, ஆஸ்பத்திரில எல்லாம் ஒசரமானவங்கதான் இருப்பாங்க. நின்னுட்டிருக்கற ஒருத்தர்கிட்டப் பேசட்டும்னேன். பேசுனாளா?”

அந்த அறைக்குள் சுருங்காமல் நின்றுகொண்டிருக்கிற ஒரே ஆள் சங்கவிதான், அவளிடம்தான் குயிலி பேசவில்லை. நவராத்திரி வந்தது, கொலு வந்தது, விஜயதசமிக்கு முந்தின நாள் லோகு குயிலிக்குப் புதுப்பை வாங்கிக்கொண்டு வந்தான்.

விஜயதசமி அன்று விடிந்ததும் வீதியில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே யோசனை தோன்றியிருந்தது. பிள்ளைகள் நெல்லிலும் அரிசியிலும் ‘அ’ எழுதித் தொடங்குகிற நாள். அந்த அறைக்குள் நாமும் பிள்ளை உயரம்தானே, இந்தத் தடவையாவது ஒழுங்காகத் தொடங்கலாமே என்று, படிப்பைப் பாதியில் விட்டவர்கள், முழுசாக முடித்தும் வருத்தப்பட்டவர்கள், ஒருநாள்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர்கள், எல்லாரும் குளித்து, கோடித் துணி உடுத்தி, கையில் ஆளுக்கொரு தட்டோடு வந்துவிட்டார்கள். குயிலி உயரத்தில் எத்தனை பேர் கொள்வார்களோ அத்தனை பேரும் உள்ளே போனார்கள், அதற்கு மேலும் போனார்கள். குயிலி தன் புதுப்பையை மாட்டிக்கொண்டு, பள்ளிக்குப் போகுமுன் கடைசியாக ஒரு கோபுரம் கட்டிவிடலாம் என்று கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ராகித் தாம்பாளம் ஒன்றுதான் இருக்கிறது, விரல்கள் நிறைய என்பது தெரிந்தது. நான்தான் முதலில் என்று டையிங்காரர் சொன்னார், நான் பிடித்த இடம் என்று காம்பேக்டிங்காரர் சொன்னார், தாம்பாளம் கவிழ்ந்து ராகி தரையெல்லாம் ஓடியது. ஊஞ்சலிலிருந்து இறங்க மாட்டேன் என்று கவுன்சிலர் பொங்கியண்ணன் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவர் காலை ஒருவர் இழுத்தார், இழுத்தவர் கையைக் கவுன்சிலர் கடித்துவிட்டார். பாவாயி அக்கா ஒரு துணிப்பொம்மையை மடியில் மறைத்துக்கொண்டு என்னிடம் இல்லவே இல்லை என்று சாதித்தார். அண்ணன் தம்பி இருவரும் மெத்தைகளை அடுக்கி நடுவில் ஒரு பொதுச்சுவர் கட்டினார்கள். அர்த்தநாரி கரும்பலகையை ஒரு ஓரத்திலிருந்து நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குயிலியை ஸ்கூலுக்கு அழைத்துப்போக வந்த லோகு, ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லி உள்ளே போனவன், கோன் கோபுரத்தின்மேல் ஏறி நின்று நான்தான் ராஜா என்று கத்தினான். கோபுரம் சரிந்தது.

அது குயிலி கட்டிய கோபுரம். அவள், “எல்லாரும் போங்க,” என்றாள்.

“நீ போ,” என்றார் கவுன்சிலர்.

“இது எங்க வீடு!”

“நாந்தான் மொதல்ல வந்தேன்,” என்றார் கேஸ்காரர்.

ஒரே உயரத்தில் இருப்பவர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்பதில்லை. குயிலி லோகுவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவன் நாக்கைத் துருத்தினான். மற்ற பிள்ளைகள் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். குயிலியின் முதுகும் சுவரில் முட்டியது, புதுப்பையின் வார் ஒன்றை யாரோ பிய்த்துவிட்டிருந்தார்கள்.

அப்போது சங்கவி வாசலில் வந்து நின்றாள். பூஜைச் சுண்டலைத் தட்டில் எடுத்துக்கொண்டு, உத்தரத்தில் இடிக்காமல் பழக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு. கூட்டத்துக்கு மேலே அவள் ஒருத்தியின் முகம்தான் தெரிந்தது. குயிலி அண்ணாந்து பார்த்தாள்.

“அம்மா!”

சங்கவி வேறு ஏதோ பிள்ளை என்று நினைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அம்மா! இவுங்களையெல்லாம் வெளிய போகச் சொல்லும்மா! எனக்கு எடமே இல்ல! நாஞ் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டீங்கறாங்க!”

“என்ன கண்ணு?” என்றாள் சங்கவி. “என்ன சொன்ன சாமி? இன்னொருக்காச் சொல்லு.”

குயிலி காலைத் தரையில் ஓங்கி உதைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் சேர்த்துவைத்த கோபம் முழுக்க அந்தக் கத்தலில் இருந்தது. “காது கேக்கலியா உனக்கு? வெளிய போடுன்னு சொன்னேன்! நீதான பெருசா இருக்கற!”

சங்கவி சுண்டல் தட்டை அலமாரிமேல் வைத்தாள், அவளுக்கு மட்டும் எட்டுகிற அலமாரி அது. முந்தானையை இழுத்துச் செருகினாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் முதலில் கவுன்சிலரை வேட்டி முடிச்சைப் பிடித்து ஊஞ்சலிலிருந்து பறித்தாள். வாசலைத் தாண்டும் கணத்தில் பழைய எடை திரும்பிவிடும் என்பதால் கொண்டுபோய் இறக்கிவிட வழியில்லை, உள்ளே நின்றபடியே வீசித்தான் விட வேண்டியிருந்தது. பொங்கியண்ணன் குழந்தையாகப் பறந்து கவுன்சிலராகச் செருப்புக் குவியலில் விழுந்தார். அவர் எழுந்து வேட்டியை உதறுவதற்குள் டையிங்காரரும் காம்பேக்டிங்காரரும் ஜோடியாக வந்து விழுந்தார்கள். அண்ணனும் தம்பியும் கைகோத்தபடி வந்தார்கள், கேஸ்காரர் வந்தார், அர்த்தநாரி வாய் நிறையக் கரும்பலகையோடு வந்தார், பாவாயி அக்காவை உதறியதில் பொம்மை உள்ளேயும் அவர் வெளியேயுமாக வந்து சேர்ந்தார். யாருக்கும் அடியில்லை, எல்லாரும் சிரித்தார்கள், எழுந்தவர்கள் அடுத்து வருகிறவர்களைக் கை நீட்டிப் பிடித்தார்கள்.

கடைசியில் லோகு. “என்னையுமா?” என்றான், கோன் குவியலுக்குள்ளிருந்து தலையை நீட்டி.

சங்கவி திரும்பிப் பெண்ணைப் பார்த்தாள்.

“அப்பாவையுந்தாம்மா,” என்றாள் குயிலி.

லோகு வீதியில் வந்து விழுந்து, இடுப்பைத் தடவிக்கொண்டு எழுந்து, ஆறடிக்கும் மேலே நிமிர்ந்து நின்றான். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, “சங்கவி, அட்மிசனுக்கு நேரமாச்சே...” என்று இழுத்தான்.

ஜன்னலில் குயிலியின் முகம் வந்தது. கழுத்தை முழுசாக வளைத்து, அவ்வளவு உயரத்தில் இருந்த அவன் முகத்தைத் தேடிப் பிடித்து, “அப்பா! இன்னைக்கு லீவு! நாங்க வெளையாடறோம்!” என்று கத்திவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் மறுபடி ‘அம்மா’ என்று எதற்கோ கூப்பிடுவது கேட்டது, ‘என்ன கண்ணு’ என்பது கேட்டது, அப்புறம் மறுபடி, அப்புறம் மறுபடி.

லோகு வீதியைத் திரும்பிப் பார்த்தான். “என்னையப் பாத்துத்தான சொன்னா?” என்றான். “நான் நின்னுட்டுத்தான இருந்தேன்?”

“நின்னுட்டுத்தான் இருந்தீங்க தம்பி, நாங்க பாத்தமுங்க,” என்றார்கள் வீதியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில். சத்தியம் கேட்டால் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார்கள்.

லோகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, எங்கள் பெண் குயிலி இன்றைக்கு லீவு என்றான். எந்த கிளாஸ் சார் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

“இன்னும் சேரவே இல்லீங்க,” என்றான் லோகு.